தீர்மானப் புத்தகம், பக்கம் அறுபத்தொன்று

மழை. கூட்டம் ஏழு மணிக்கு; தொடங்கியது எட்டு ஐந்துக்கு.
லெபுல்கோ துறை மீனவர் சங்கம்.
உறுப்பினர் முப்பத்து மூவர், வந்தவர் முப்பத்து மூவர்.
இப்படி எல்லாரும் வந்தது
போன வருஷம் அடுப்புக் குலுக்கலுக்கு.
செயலாளர் நான், ஒனோஃப்ரே கன்யூக்குரா,
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மட்டும்.

பொருள் ஒன்று:
எங்கள் கடலின் நான்கு மூலைகள்.
கடலுக்கு ஏது மூலை என்று கேட்காதீர்கள்,
சாந்தியாகோவில் முத்திரை குத்திய தாளில் உண்டு,
அ, ஆ, இ, ஈ.
நாலுக்கும் நடுவே பாறையைக் கவ்விக் கிடக்கும்
லோக்கோ நத்தைகள் சங்கத்துச் சொத்து.
வருஷம் ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி
ரப்பர் உடுப்போடு மூழ்கி எண்ணிவிட்டு
இத்தனை எடுக்கலாம் என்பாள்.
எடுப்போம்.
இரவில் அதற்குமேல் எடுக்கிறவனைக்
காவல் இருந்து பிடிப்போம்.
பிடிபட்டவன் மைத்துனனாக இருந்தால்
அன்று மூடுபனி என்று எழுதுவேன்.
இந்தப் புத்தகத்தில் மூடுபனி அதிகம்.

பொருள் இரண்டு:
தால்க்காவானோ வியாபாரி எவரிஸ்தோ ஓயார்சே
ஐஸ் ஆலை கட்டித் தருகிறாராம்.
பதிலுக்கு
மூலைகளுக்கு உள்ளே முளைக்கிற பாசியெல்லாம்
ஐந்து வருஷம் அவர் தராசுக்கு.
அவர் வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லை.
பதினொரு படகுகளின் பின்னால் தொங்கும் எஞ்ஜின்
அவர் பணம்.
அவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தன,
இருமின,
முன்னேற்றம் என்றன இரண்டு தடவை.

வாசலில் பாசி பொறுக்கும் பெண்கள்.
உள்ளே வரலாம், யாரும் தடுக்கவில்லை,
நாற்காலிதான் முப்பத்து மூன்று.
படகு இல்லாதவருக்கு ஓட்டு இல்லை, விதி நான்கு.
விதி நான்கும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
நன்றாக இருக்கிறது.

நோல்ஃபா ரைமான் கேட்டாள்:
அந்தத் தாளில் கடல் எங்கே தொடங்குது?
தலைவர் விரல் வைத்துக் காட்டினார்.
அங்கேதான் நேத்து
சட்டியை வச்சு நெருப்பு மூட்டினேன்.

சிரித்தார்கள்.
பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

நிலம் அதிர்ந்த அந்த இரவைப் பற்றி
இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.
விடிந்தபோது கரை ஆள் உயரம் எழும்பியிருந்தது.
சிப்பிகள் வாய் பிளந்து வெயிலில் நாறின, வாரக்கணக்கில்.
பாறை வெளுத்தது.
பாசி கீழே இறங்கி
புது விளிம்பைப் பிடித்துக்கொண்டது.
பெண்களும் அதன் பின்னாலேயே இறங்கினார்கள்.
வரைபடம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.
அது முந்தைய வருஷத்து அச்சு.

ஆக, தாள்படி
நோல்ஃபா நடக்கிற இடம் கடல்.
கால் நனையாமல் நிற்கும்போதே
எங்கள் எல்லைக்குள் திருடுகிறாள்.
ஓயார்சே இதைப் படித்திருக்கிறார்.
சங்கத்தில் யாரும் படிக்கவில்லை.
நான் படித்தேன்.

தலைவர் கை தூக்கச் சொன்னார்.
எண்ணும்போது பென்சில் முனையால்
ஒவ்வொரு கையையும் காற்றில் தொடுவது என் பழக்கம்.
ஏழாவது கை நோல்ஃபாவின் புருஷனுடையது.
தோளுக்கு மேல் போகவில்லை.
பாதி தூக்கிய கையை முழுசாக எண்ணுவது வழக்கம்;
எஞ்ஜினுக்கு இன்னும் இரண்டு வருஷத் தவணை இருக்கிறது.
அவள் அவனைப் பார்க்கவில்லை,
என் பென்சிலைப் பார்த்தாள்.

ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு பதினான்கு.
ஒரு கை எழுதிக்கொண்டிருந்தது.

என் பேரை எழுது, என்றாள், நான் சொன்னதையும்.
உறுப்பினர் அல்லாதவர் பேச்சைப் பதிவதில்லை.
வாசலில் சத்தம், என்று எழுதினேன்.
அடித்தேன்.
வாசலில் நோல்ஃபா ரைமான், என்று எழுதினேன்,
அதற்குமேல் கை ஓடவில்லை.

ஏனைய விஷயங்கள்:
தேநீர்ச் செலவு தள்ளிவைக்கப்பட்டது.
நாளைய காவல் முறை, ஒனோஃப்ரே கன்யூக்குரா.
வத்தம் காலை ஐந்து நாற்பதுக்கு.
பெண்கள் இறங்குகிற நேரமும் அதுதான்.
வானிலை: மழை விடும் என்கிறார்கள்.
மூடுபனி இருக்காதாம்.